லீவா, வெளியிலிருந்து பதிவா? எஃப்-1 முனைவர் பட்ட மாணவி ஒருவரின் எட்டு மாதங்கள்: நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் முனைவர் பட்டம் படிக்கும் இந்திய மாணவர் ஒருவர் வீட்டில் ஏற்பட்ட நெருக்கடிக்காக ஒரு செமஸ்டர் ஊர் திரும்ப வேண்டியிருந்தால் என்னவெல்லாம் குறுக்கே வரும் என்பதை ஒரே நிகழ்வின் வழியாக இங்கே பதிவு செய்கிறோம். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன. எஃப்-1, அதாவது அமெரிக்க மாணவர் விசாவின் விதிகள் எல்லா மாணவருக்கும் ஒன்றுதான். கட்டணம், உதவித்தொகை, பதிவு முறை ஆகியவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

பின்னணி

மாணவி அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் நீர்வளப் பொறியியல் படிக்கிறார். நிகழ்வு தொடங்கியபோது நான்காம் ஆண்டின் ஃபால், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டர். கோர்ஸ் வேலை எல்லாம் முடிந்து, மூன்றாம் ஆண்டிலேயே கேண்டிடேட், அதாவது ஆய்வேடு மட்டும் மிச்சமுள்ளவர் ஆகிவிட்டார். செமஸ்டர்தோறும் ஆராய்ச்சி கிரெடிட்டுக்கு மட்டுமே பதிவு செய்து வந்தார். டி.ஏ., அதாவது கற்பித்தல் உதவியாளர் வேலையில் சம்பளமும் டியூஷன் தள்ளுபடியும் கிடைத்தன. சேர்க்கைக் கடிதத்தில் ஐந்து ஆண்டு நிதி உறுதி இருந்தது. ஐந்தாண்டு விசாவில் இன்னும் 20 மாதம் மிச்சம்.

ஆய்வேடு மூன்று அத்தியாயம். முதலாவது கட்டுரையாக வெளிவந்துவிட்டது. இரண்டாவது, மாநில அரசுத் துறை ஒன்று ஒப்பந்தத்தின் பேரில் கொடுத்த கிணற்று நீர்மட்டப் பதிவுகளை நம்பியது. மூன்றாவது, கிரேஸ் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு நிலத்தடி நீர் இருப்பின் மாற்றத்தைக் கணக்கிடுவது. முதல் கிரேஸ் 2002 முதல் 2017 வரை இயங்கியது, அடுத்த கிரேஸ் 2018 மே மாதம்தான் ஏவப்பட்டது. இடையில் ஏறத்தாழ ஒரு வருடம் தரவே இல்லை. அந்த இடைவெளியை நில மேற்பரப்பின் கணினி மாதிரிகளைக் கொண்டு நிரப்புவதுதான் மூன்றாம் அத்தியாயத்தின் பெரும்பகுதி. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த அத்தியாயம் எந்தத் தரவை நம்பி நிற்கிறது என்பதுதான் பிறகு எடுத்த முடிவையே தீர்மானித்தது.

அக்டோபர்: முதல் பயணம்

அக்டோபர் தொடக்கத்தில் மாணவியின் தந்தைக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் குழறியது. வீட்டில் தாயும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் மட்டும்.

இரண்டே நாளில் கிளம்பினார். டிக்கெட் எடுத்த பிறகுதான், பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றான ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். பயணத்துக்கான கையெழுத்து 14 மாதம் பழையது. படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது 12 மாதம்தான் செல்லும். இது வெளியேறும்போது தேவைப்படாது, திரும்பி வரும்போது தேவைப்படும். சர்வதேச மாணவர் அலுவலகம் புதுக் கையெழுத்திட்ட ஐ-20-ஐ மறுநாளே மின்னஞ்சலில் அனுப்பியது, ஊரில் அச்செடுத்துக்கொண்டார். தபாலில்தான் வர வேண்டும் என்றிருந்த காலமாக இருந்தால் இதற்கே பத்து நாள் போயிருக்கும்.

மூன்று வாரம் இருந்தார். அவருடைய வகுப்புகளைச் சக டி.ஏ.க்கள் இருவர் பங்கிட்டு எடுத்தார்கள். மாத இறுதியில் திரும்பியபோது தந்தை வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் தினமும் இயன்முறைப் பயிற்சி வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் உடல் அதிகம் தேறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தம்பிக்கு மார்ச்சில் பொதுத் தேர்வு. ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டர் முழுக்க ஊரில் இருப்பது என்று நவம்பர் கடைசியில் மாணவி முடிவெடுத்தார். "படிப்பை விட்டுட்டு மட்டும் வந்துடாதே" என்றுதான் தாய் சொன்னார். விசா கணக்கில் எது படிப்பை விட்டதாகும், எது ஆகாது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. துறையிலும் தெளிவாகத் தெரிந்தவர்கள் குறைவு.

டிசம்பர்: தவறான படிவம்

மாணவி துறை ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டார்: குடும்பச் சூழ்நிலை காரணமாக ஸ்பிரிங் செமஸ்டருக்கு லீவ் வேண்டும், என்ன செய்ய வேண்டும்? ஒரு மணி நேரத்துக்குள் ஆறுதல் வார்த்தைகளோடு 'லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்' படிவம் வந்தது. கேட்டது லீவ், கொடுத்தது லீவ் படிவம். யார் மீதும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு வழி இருக்கிறதா என்ற கேள்வியே எழாமல் போனதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான்.

படிவம் நான்கு பக்கம். நெறியாளர் கையெழுத்திட்டார், துறைத் தலைவரும் கையெழுத்திட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில், வெளிநாட்டு மாணவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கையெழுத்தும் பெற வேண்டும் என்று ஒரு கட்டம். அந்தக் கையெழுத்துக்காகப் போனபோதுதான் அங்கிருந்த டி.எஸ்.ஓ., அதாவது மாணவர் விசா பதிவுகளைக் கையாளும் அதிகாரி, படிவத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "எப்போது திரும்பி வருவீர்கள்?"

"ஒரு செமஸ்டர்தான்" என்றார் மாணவி.

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஸ்பிரிங் செமஸ்டர் நான்கு மாதம்தான். ஆனால் அடுத்து வகுப்பு தொடங்குவது ஆகஸ்டு கடைசியில். ஜனவரி 8 கிளம்பி ஆகஸ்டு 17 திரும்பினால் ஏழு மாதம் தாண்டிவிடும்.

லீவ் எடுத்தால் விசாவுக்கு என்ன ஆகும்

லீவில் இருக்கும் மாணவர் எஃப்-1 நிலையில் இருக்க முடியாது. அவருடைய செவிஸ் பதிவை, அதாவது அரசின் மாணவர் விசாத் தரவுத்தளத்தில் உள்ள பதிவை, 'அனுமதி பெற்ற விலகல்' என்ற காரணத்தோடு டி.எஸ்.ஓ. முடித்து வைப்பார். அந்தத் தேதியிலிருந்து 15 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். படிப்பை முடித்தவருக்கு உள்ள 60 நாள் இவருக்குக் கிடையாது.

5 மாதத்துக்குள் திரும்புகிறவருக்குப் பழைய பதிவையே உயிர்ப்பிக்கச் சொல்லி டி.எஸ்.ஓ. விண்ணப்பிக்கலாம். 5 மாதம் தாண்டிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து: புது செவிஸ் எண்ணோடு புது ஐ-20, மறுபடியும் 350 டாலர் செவிஸ் கட்டணம். பழைய விசாவில் தேதி மிச்சம் இருந்தாலும் புது விசாவுக்கு விண்ணப்பித்து, 185 டாலர் கட்டி, நேர்காணலுக்குப் போக வேண்டும் என்றே எதிர்பார்க்க வேண்டும். படிப்பு சார்ந்த வேலை அனுமதிகளான சி.பி.டி., ஓ.பி.டி. இரண்டுக்கும் தேவையான ஓராண்டு முழுநேரப் படிப்புக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். நேர்காணல் தேதி கிடைக்காமல் ஃபால் செமஸ்டர் தொடங்கிவிட்டால் இன்னொரு செமஸ்டரும் போகும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. வெளிநாட்டில் மாணவர் செய்யும் வேலை அவருடைய படிப்பைச் சேர்ந்ததாக இருந்தால் 5 மாதக் கணக்கு அவரைத் தொடாது. முழுநேரப் பதிவு தொடர வேண்டும், செவிஸ் பதிவும் உயிரோடு இருக்க வேண்டும்.

நண்பர்கள் சிலர் மருத்துவக் காரணம் காட்டிக் குறைந்த கிரெடிட் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அது மாணவரின் சொந்த உடல்நிலைக்கு மட்டும் உள்ள சலுகை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர் எழுதிக்கொடுக்க வேண்டும், ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம்தான் உச்சவரம்பு. தந்தையின் நோய்க்கு அது பொருந்தாது. தந்தையின் மருத்துவமனைக் காகிதங்களைத் தன்னுடையதுபோலக் காட்டி இதைப் பெற முயல்வது மோசடியில் முடியும் என்று டி.எஸ்.ஓ. வெளிப்படையாகவே சொன்னார்.

மேசையில் இருந்த வழிகள்

ஐந்து மாதத்துக்குள், அதாவது ஜூன் முதல் வாரத்துக்குள் திரும்பி, கோடை வகுப்பில் முழுநேரம் பதிவு செய்வது ஒரு வழி. கோடையில் டி.ஏ. இடம் இல்லை, எனவே தள்ளுபடியும் இல்லை. வெளிமாநிலக் கட்டணத்தை முழுசாகக் கட்ட வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லாததால் இது அன்றே கைவிடப்பட்டது. குளிர்கால விடுமுறையிலும் மார்ச் இடைவேளையிலும் இரண்டு குறும் பயணம் என்று நெறியாளர் சொன்ன யோசனையும் நிற்கவில்லை. வீட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது பிப்ரவரியிலும் மார்ச்சிலும் முழுசாக.

மிஞ்சியவை இரண்டு: முழு லீவ், அல்லது வளாகத்துக்கு வெளியிலிருந்து படிப்பதற்கான பதிவு (இனி வெளிப்பதிவு). இந்தப் பதிவுக்கு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயர். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் 'இன் அப்சென்ஷியா'. அங்கே டியூஷனிலும் மாணவர் சேவைக் கட்டணத்திலும் 15 சதவீதம்தான் கட்ட வேண்டும், முனைவர் மாணவருக்கு 6 குவார்ட்டர் (காலாண்டுப் பருவம்) அல்லது 4 செமஸ்டர் வரை கிடைக்கும். ஹார்வர்டில் 'டிராவலிங் ஸ்காலர்'. இம்மாணவியின் பல்கலைக்கழகத்திலும் கேண்டிடேட் ஆனவர்களுக்கு இப்படி ஒரு வகை இருந்தது, கட்டணமும் குறைவு. துறையில் கடந்த சில ஆண்டுகளில் யாரும் கேட்காததால் ஒருங்கிணைப்பாளருக்கு நினைவில் இல்லை.

இரண்டையும் எடை போடும்போது மாணவர்கள் பெரும்பாலும் கட்டணத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். உண்மையில் ஒப்பிட வேண்டியவை மூன்று கடிகாரங்கள். பட்டத்துக்கான கால வரம்பு லீவில் நிற்கும், வெளிப்பதிவில் ஓடும். நிதி உறுதி லீவில் பெரும்பாலும் அப்படியே தள்ளிப்போகும், வெளிப்பதிவில் ஓடிவிடலாம். விசாவுக்கு நேர் எதிர்: லீவில் அறுந்துவிடும், வெளிப்பதிவில் தொடரும். எந்த வழியும் மூன்றையும் காப்பாற்றாது.

இன்னொரு வேறுபாடு பலருக்கும் கண்ணில் படுவதில்லை. லீவில் இருப்பவர் பல்கலைக்கழக வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது பல இடங்களில் எழுதப்பட்ட விதி. நூலகக் கணக்கு, கணினித் தொகுதி, நெறியாளரின் நேரம் எல்லாம் அதில் அடங்கும். லீவில் போய் சும்மா இருக்கும் நேரத்தில் அத்தியாயத்தை எழுதி முடித்துவிடலாம் என்பது அங்கே செல்லாத கணக்கு.

எடுத்த முடிவும் காரணமும்

வெளிப்பதிவுதான் என்று முடிவானது. அதற்கு முன் டி.எஸ்.ஓ. ஒரு நிபந்தனை வைத்தார்: அங்கே செய்யப் போகும் ஆராய்ச்சி உண்மையானதாக இருக்க வேண்டும். போகும் காரணம் குடும்பம் என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அனுமதி கொடுக்கப்படுவது ஆராய்ச்சிக்காக. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க முடியும் என்று மாணவியே நேர்மையாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், முடியாது என்றால் லீவ்தான் சரி. இந்த நிபந்தனை சரியானது என்றே நாங்கள் கருதுகிறோம். ஆராய்ச்சி பெயருக்கு மட்டும் இருந்தால் மாணவர் தன் விசா பதிவையே பொய்யின் மேல் நிறுத்துகிறார்.

இரண்டாம் அத்தியாயம் அங்கிருந்து முடியாது. கிணற்றுத் தரவு ஒப்பந்தத்தில், தரவை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுசெல்லவோ வெளியிலிருந்து திறக்கவோ கூடாது என்று ஒரு வரி இருந்தது. தொலைவிலிருந்து பல்கலைக்கழக வலையமைப்பில் இணைக்கும் வி.பி.என். வழியாகப் பார்த்தாலும் அது வெளியிலிருந்து திறப்பதுதான். கிரேஸ் தரவு பொதுவில் கிடைப்பது, எனவே மூன்றாம் அத்தியாயம் முடியும். மாணவி டிசம்பர் கடைசி வாரத்தில் பல்கலைக்கழக மடிக்கணினியிலிருந்து கிணற்றுத் தரவை நீக்கிவிட்டு, நீக்கியதை நெறியாளருக்கு எழுத்தில் தெரிவித்தார். பல்கலைக்கழகச் சொத்தான மடிக்கணினியை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லத் தனி அனுமதியும் வாங்கினார்.

நெறியாளரின் கடிதத்தின் முதல் வரைவு மூன்று வரிதான்: மாணவி சிறந்தவர், ஆராய்ச்சியைத் தொடர்வார், ஆதரிக்கிறேன். டி.எஸ்.ஓ. திருப்பி அனுப்பினார். இரண்டாம் வரைவில் எந்த அத்தியாயம், எந்தத் தரவு, வாரவாரியாக என்ன வேலை, எந்தத் தேதியில் எந்த வரைவு, எத்தனை நாளுக்கு ஒரு சந்திப்பு என்று எல்லாம் இருந்தன. விண்ணப்பத்தின் கடைசி நாள் டிசம்பர் 1, இவர் கொடுத்தது டிசம்பர் 9. தாமதத்துக்கு விளக்க மனு கொடுத்து, 19-ஆம் தேதி அனுமதி கிடைத்தது.

பணம்

முன்கூட்டி யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

டி.ஏ. வேலை வகுப்பறையில் நிற்கும் வேலை, அது போயிற்று. நெறியாளர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து ஆர்.ஏ., அதாவது ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் தருவதாகச் சொன்னார். ஜனவரி மூன்றாம் வாரம், மாணவி ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சம்பளப் பிரிவு மறுத்துவிட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுத்தால் அந்த நாட்டின் வரி, தொழிலாளர் சட்டங்கள் பல்கலைக்கழகத்தின் தலையில் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நெறியாளருக்கு இது புதுச் செய்தி.

மூன்று வாரம் வருமானமே இல்லை. பிறகு, முதுநிலை, முனைவர் படிப்புகளை நிர்வகிக்கும் கிராஜுவேட் ஸ்கூலின் ஆய்வேட்டு நிதியிலிருந்து ஃபெலோஷிப்பாக டி.ஏ. சம்பளத்தில் பாதி கிடைத்தது. ஃபெலோஷிப் சம்பளம் அல்ல, வேலைக்கான கூலி என்ற பேச்சு அங்கே வராது. ஆனால் முதல் இரண்டு தவணையிலும் 14 சதவீதம் வரி பிடித்துவிட்டார்கள். எஃப்-1 மாணவரின் அமெரிக்க வருமானமான ஃபெலோஷிப்புக்கு உள்ள வீதம் அது. அமெரிக்காவுக்கு வெளியே செய்யும் ஆராய்ச்சிக்கான ஃபெலோஷிப், வரிக் கணக்கில் குடியிருப்பாளர் அல்லாதவருக்கு அமெரிக்க வருமானமே ஆகாது. எந்தத் தேதியிலிருந்து எங்கே இருக்கிறார் என்று ஒரு பக்க அறிவிப்பு கொடுத்ததும் பிடித்தம் நின்றது, பிடித்ததும் திரும்பி வந்தது.

இந்தியப் பக்கம் தற்செயலாகத் தப்பியது. ஏப்ரல் முதல் மார்ச் வரையான வருமான வரி ஆண்டில் 182 நாள் தொட்டால் இந்தியக் குடியிருப்பாளர் ஆகிவிடலாம். அக்டோபரின் மூன்று வாரமும் ஜனவரி 9 முதல் மார்ச் வரையும் சேர்த்து ஒரு வரி ஆண்டில் நூற்றுச் சொச்சம், ஏப்ரல் முதல் ஆகஸ்டு நடு வரை அடுத்த ஆண்டில் 140-ஐ ஒட்டி. ஜனவரியில் தொடங்கிய இந்த ஏழு மாதம் ஏப்ரலில் தொடங்கியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

திட்டத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று இருந்தது. நடந்தது 20 அல்லது 22. காலையில் இயன்முறைப் பயிற்சியாளர் வருவார், மதியம் வரை தந்தைக்கு ஆள் வேண்டும். மாணவிக்கு உட்கார்ந்து வேலை செய்யக் கிடைத்தது மதியம் இரண்டு முதல் ஐந்து வரையும், இரவு பத்துக்கு மேலும். ஆறாம் வாரத்தில் வரவேண்டிய முதல் வரைவு வரவில்லை. நெறியாளர் கேட்கவில்லை, வீட்டு நிலைமை தெரிந்ததால் நெருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாணவியும் எழுதவில்லை, சொல்ல வெட்கம். இரண்டு வாரம் இப்படியே போனது. எட்டாம் வாரம் ஒருங்கிணைப்பாளர் வழக்கமாக அனுப்பும் நினைவூட்டல் மின்னஞ்சல்தான் பேச்சைத் திறந்தது. மூன்று ஆற்றுப் படுகைகளுக்குப் பதில் ஒரே படுகை என்று வேலையைச் சுருக்கினார்கள்.

மார்ச்சில் ஆய்வுக் குழுக் கூட்டம், அமெரிக்க நேரம் காலை 8.30. குளிர்காலத்தில் அது இந்தியாவில் மாலை 7 மணி. மாணவி சுவர் நாட்காட்டியில் "7 மணி" என்று எழுதி வைத்திருந்தார். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்கிறது, இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாயன்று 8.30 என்பது இந்தியாவில் மாலை 6. மாணவி 6.55-க்கு இணைந்தபோது ஐந்து பேரில் இரண்டு பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். கூட்டம் மூன்று வாரம் தள்ளிப்போனது. கணினி நாட்காட்டியில் இருந்த அழைப்பு சரியான நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது, அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை.

தொலைபேசி எண்ணிலும் ஒரு சிக்கல் எழுந்தது. வி.பி.என்., கணினித் தொகுதி, சம்பளத் தளம் எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தல் அமெரிக்கக் கைபேசி எண்ணுக்கே வரும். செலவைக் குறைக்க அந்த எண்ணை ஜனவரியிலேயே ரத்து செய்திருந்தார். பல்கலைக்கழகக் கணக்கைச் செயலிக்கு மாற்ற நான்கு நாள் ஆனது. வங்கிக் கணக்கைத் திறக்க ஐந்து வாரம், அதுவரை ஃபெலோஷிப் பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் தந்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் வேலை எதுவும் நடக்கவில்லை. செமஸ்டர் நடுவில் லீவாக மாற்றிவிடலாமா என்று மாணவி கேட்டார். அப்போது லீவ் எடுத்தால் ஆகஸ்டு நடு வரை 5 மாதம் ஆகாது, பதிவை உயிர்ப்பிக்க வழி இருந்தது. ஆனால் பெற்ற ஃபெலோஷிப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும், கட்டணம் திரும்ப வராது, மதிப்பெண் பட்டியலில் விலகல் குறியும் விழும். பாடம் முடிய நான்கே வாரம் இருந்தது. நெறியாளர் ஆராய்ச்சி கிரெடிட்டுக்கு 'தொடர்கிறது' என்ற குறியீடு போட்டார். முழுநேரப் பதிவு குலையவில்லை.

கோடையும் திரும்புதலும்

மே முதல் வாரத்தோடு செமஸ்டர் முடிந்தது. கோடை எஃப்-1 மாணவருக்கு ஆண்டு விடுமுறை. அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யும் எண்ணமும் தகுதியும் இருந்தால் பதிவில்லாமலே வெளிநாட்டில் இருக்கலாம். ஸ்பிரிங் செமஸ்டரில் பதிவு இருந்ததால் 5 மாதக் கேள்வி எழவே இல்லை. அக்டோபரில் வாங்கிய பயணக் கையெழுத்தும் ஆகஸ்டில் செல்லுபடியாகவே இருந்தது.

ஆகஸ்டு 17 திரும்பினார். கையில் ஐ-20, வெளிப்பதிவு அனுமதிக் கடிதம், நெறியாளரின் வாரவாரித் திட்டம், ஸ்பிரிங் செமஸ்டரின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல், ஃபால் பதிவுச் சான்று. ஏழு மாதத்துக்கு மேல் எங்கே இருந்தீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டார். மதிப்பெண் பட்டியலையும் அனுமதிக் கடிதத்தையும் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார். பட்டியல் இல்லாமல் கடிதம் மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் கட்ட விசாரணைக்குப் போயிருக்கலாம் என்பது டி.எஸ்.ஓ.வின் கருத்து.

விளைவு

விசா பதிவு அறுபடவில்லை. மே மாதம் முடிய வேண்டிய மூன்றாம் அத்தியாயம் ஒரே படுகையோடு நவம்பரில் முடிந்தது. இரண்டாம் அத்தியாயம் ஒரு செமஸ்டர் பின்தங்கியது. தந்தை ஊன்றுகோலோடு நடக்கிறார், தம்பி கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

நட்டம் நிதி உறுதியில். உறுதி பத்து செமஸ்டருக்கு, நாட்காட்டிக் கணக்கில். வெளியிலிருந்த ஸ்பிரிங் செமஸ்டரில் டி.ஏ. இடத்தைப் பயன்படுத்தாவிட்டாலும் அது கழிந்துவிட்டதாகத் துறை சொன்னது. லீவ் எடுத்திருந்தால் அந்த செமஸ்டர் பின்னால் தள்ளிப்போயிருக்கும். அனுமதி கேட்ட டிசம்பரிலேயே இதை எழுத்தில் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று துறைத் தலைவரே பிறகு சொன்னார். அப்போது யாரும் கேட்கவில்லை.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

துறை தன் லீவ் படிவத்தின் வரிசையை மாற்றியிருக்கிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் கட்டம் இப்போது முதல் பக்கத்தில். அதற்கு மேலே இரண்டு கேள்விகள்: எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள், எந்தத் தேதியில் வளாகத்துக்குத் திரும்புகிறீர்கள்? செமஸ்டர் பெயர் எழுத இடமில்லை, தேதிதான் எழுத வேண்டும்.

வெளிப்பதிவு கேட்பவர் சம்பளப் பிரிவின் எழுத்துப்பூர்வ பதிலை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். நெறியாளரின் வாய்மொழி உறுதி போதாது. தரவு ஒப்பந்தம் உள்ள ஆய்வுக்கூடங்களில் அந்த ஒப்பந்தத்தின் நகலும் வேண்டும். மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வாக இருந்தால் இடம் மாறுவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் வாங்க வேண்டும். இந்த நிகழ்வில் அது தேவைப்படவில்லை.

வேலைத் திட்டத்தை 20 மணி நேர வாரத்துக்குப் போடச் சொல்கிறோம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு 40 மணி நேரம் கிடைக்காது, கிடைக்கும் என்று எழுதிக் கொடுப்பதால் ஆறாம் வாரத்தில் இரு பக்கமும் வாய் மூடிக்கொள்கிறது. நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் ஒருங்கிணைப்பாளர் மாணவர், நெறியாளர் இருவரையும் கேட்பது இப்போது கட்டாயம். கைபேசி எண்ணைக் கிளம்பும் முன் மலிவான திட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ரத்து செய்யக் கூடாது.

நிதி உறுதியை ஒரு செமஸ்டர் தள்ளி வைக்கக் கேட்டு மாணவி திரும்பி வந்த பிறகு ஜனவரியில் கொடுத்த மனு கிராஜுவேட் ஸ்கூலில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இந்த செமஸ்டருக்குப் பக்கத்துத் துறையில் பாதி நேர டி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. ஐ-20-இல் உள்ள படிப்பு முடியும் தேதி அடுத்த மே மாதம். அந்தத் தேதி தாண்டுமுன் நீட்டிப்பு வாங்க வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டார்.